கடலோரத்தில் வளர்ந்த கமலாதேவி

நுழையும்முன்

பெங்களூரு, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்த நகரம். பிரேசர் டவுனில் வாழும் குழந்தைகளுக்குக் கடல் என்பது, விடுமுறையில் சொந்த ஊர் செல்லும்போது மட்டும் காணக் கிடைப்பது. இங்கிருந்து மேற்கே ஏறத்தாழ 350 கிலோமீட்டர் சென்று, மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடந்து இறங்கினால், அரபிக்கடலின் கரையில் மங்களூரு நம்மை வரவேற்கும். அவ்வூரில் பிறந்து, சென்னைக் கடற்கரையில் கல்வி கற்று, மும்பைக் கடற்கரையில் உப்புக் காய்ச்சி, நாடு முழுவதும் கைவினைஞர்களுக்கு வாழ்வளித்தவர் கமலாதேவி சட்டோபாத்யாய். ஒரு பொருள் யாருக்கு உரியது என்னும் கேள்வி அவர் வாழ்நாள் முழுவதும் அவரைத் தொடர்ந்து வந்தது. அக்கேள்விக்கு அவர் எவ்வாறு விடை தேடினார் என்பதை இப்பாடத்தில் காண்போம்.

மங்களூருவில் இளமை

கமலாதேவி 1903ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள் மங்களூருவில் பிறந்தார். தந்தையார் அனந்தையா தாரேஷ்வர். அரசுப் பணியில் உயர்ந்த பொறுப்பு வகித்தவர். தாயார் கிரிஜாபாய். நான்கு பெண் மக்களுள் கமலாதேவியே இளையவர்.

நேத்திராவதி, குருபுரா என்னும் இரண்டு ஆறுகள் மங்களூருவில் கடலோடு கலக்கின்றன. ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் அக்கழிமுகத்தில் படகுகள் வந்து நிற்கும். மலையிலிருந்து மிளகும் காப்பியும் அங்கு வந்து சேரும். கடல் வழியே அவை தொலைநாடு செல்லும். துளு, கொங்கணி, கன்னடம், மலையாளம் எனப் பல மொழிகள் அத்துறைமுகத் தெருக்களில் ஒலித்தன. கமலாதேவியின் தாய்மொழி கொங்கணி. வீட்டில் ஒரு மொழியும், தெருவில் வேறொரு மொழியும், பள்ளியில் மற்றொரு மொழியும் கேட்டு வளர்ந்தவர் அவர். பிரேசர் டவுனில் வீட்டில் தமிழும், கடைத்தெருவில் கன்னடமும் உருதுவும், வகுப்பறையில் ஆங்கிலமும் இந்தியும் கேட்டு வளரும் பிள்ளைகளுக்கு இச்சூழல் புதிதன்று.

அந்நாளில் மங்களூரு, தென்கன்னட மாவட்டத்தின் தலைநகராக இருந்தது. அம்மாவட்டம் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோதுதான் அது மைசூர் மாநிலத்தோடு, அதாவது இன்றைய கர்நாடகத்தோடு இணைந்தது. எனவே மங்களூருவில் பிறந்த கமலாதேவிக்குச் சென்னையே மாகாணத் தலைநகர். அவருடைய வாழ்வில் தமிழ்நாடு இடம்பெற்றதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

தாய் காட்டிய வழி

கமலாதேவிக்கு ஏழு வயதானபோது தந்தையார் மறைந்தார். அவர் உயில் எழுதி வைக்கவில்லை. அக்காலச் சட்டப்படி கணவனின் சொத்தில் மனைவிக்கோ பெண் மக்களுக்கோ உரிமை இல்லை. தந்தையாரின் முதல் மனைவிக்குப் பிறந்த மகனுக்கே சொத்து முழுவதும் சென்றது. கிரிஜாபாய்க்கும் அவர் மகள்களுக்கும் மாதந்தோறும் சிறு தொகை அளிக்கப்படும் என்று முடிவாயிற்று.

கிரிஜாபாய் அத்தொகையை ஏற்க மறுத்தார். உரிமையாக வர வேண்டியது உதவித்தொகையாக வருவதை அவர் விரும்பவில்லை. தம் பிறந்த வீட்டார் தமக்குச் சீராக அளித்திருந்த உடைமையைக் கொண்டே பெண் மக்களை வளர்ப்பது என்று உறுதி பூண்டார். பெரிய மாளிகையில் வாழ்ந்த குடும்பம் எளிய வாழ்வுக்கு மாறியது. நேற்று வரை தங்களுடையதாக இருந்த வீடு இன்று தங்களுடையது அன்று என்பதை ஏழு வயதுச் சிறுமி கண்ணாரக் கண்டாள். சட்டம் என்பது ஏட்டில் மட்டும் இருப்பதன்று. அது வீட்டு வாசல் வரை வந்து ஒரு குடும்பத்தை வெளியேற்றவும் கூடும் என்பதை அவர் அவ்வயதிலேயே அறிந்துகொண்டார்.

கிரிஜாபாய் பள்ளிக்குச் செல்லாதவர். எனினும் வீட்டிலேயே கற்றுத் தேர்ந்தவர். செய்தித்தாள்களையும் நூல்களையும் ஆர்வத்தோடு படிப்பவர். நாட்டு விடுதலையைப் பற்றியும் பெண் கல்வியைப் பற்றியும் தம் மகள்களிடம் உரையாடுவார். கோபாலகிருஷ்ண கோகலே, அன்னி பெசன்ட் ஆகியோரின் கருத்துகள் அவ்வீட்டில் பெருமதிப்புப் பெற்றிருந்தன. இத்தகைய தாயின் நிழலில் வளர்ந்ததால், இழப்பைக் கண்டு அஞ்சாத மனம் கமலாதேவிக்கு வாய்த்தது.

இன்று நிலைமை மாறியுள்ளது. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் மனைவிக்கும் மகளுக்கும் சொத்தில் பங்கு அளித்தது. 2005ஆம் ஆண்டுத் திருத்தம் பூர்விகச் சொத்திலும் மகளுக்கு மகனுக்குச் சமமான உரிமையை வழங்கியது. இச்சட்டங்களுக்குப் பின்னால், கிரிஜாபாய் போன்ற எண்ணற்ற தாய்மாரின் துயரமும் உறுதியும் இருக்கின்றன.

சென்னைக் கடற்கரையில் கல்வி

அக்கால வழக்கப்படி 1917ஆம் ஆண்டில், பதினான்காம் வயதில் கமலாதேவிக்குத் திருமணம் நடைபெற்றது. இரண்டு ஆண்டுகளுக்குள் கணவர் இறந்தார். பதினாறு வயதில் அவர் கைம்பெண் ஆனார். அந்நாளில் கைம்பெண்கள் வெளியே வருவதும், கல்வி கற்பதும், மறுமணம் புரிவதும் பெரும் குற்றமாகக் கருதப்பட்டன. மூலையில் ஒடுங்கியிருப்பதே அவர்களுக்கு விதிக்கப்பட்ட வாழ்வு. ஆனால் கிரிஜாபாய் தம் மகளை மூலையில் அமர்த்தவில்லை, படிக்க அனுப்பினார்.

கமலாதேவி சென்னை இராணி மேரி கல்லூரியில் சேர்ந்தார். 1914இல் தொடங்கப்பட்ட அக்கல்லூரி, மெரினாக் கடற்கரையை நோக்கி அமைந்தது. மேற்குக் கடலோரத்தில் வளர்ந்த பெண், கிழக்குக் கடலோரத்தில் கல்வி கற்றார். அதே கடற்கரைச் சாலையில் உள்ள ஐஸ் ஹவுஸ் என்னும் கட்டடத்தில், சகோதரி சுப்புலட்சுமி இளம் கைம்பெண்களுக்காக ஓர் இல்லம் நடத்தி வந்தார். அவரும் இளமையிலேயே கணவரை இழந்தவர். படித்துப் பட்டம் பெற்றுத் தம்மைப் போன்ற பெண்களுக்குக் கல்வி புகட்டியவர். பெண்களின் வாழ்வை மாற்றும் முயற்சிகள் பல அக்காலச் சென்னையில் நடந்துகொண்டிருந்தன என்பதை இதனால் அறியலாம்.

கல்லூரியில் சுகாசினி என்னும் தோழி கமலாதேவிக்குக் கிடைத்தார். அவர் கவிக்குயில் சரோஜினி நாயுடுவின் தங்கை. அவர் வழியாகச் சரோஜினியின் தம்பியும் கவிஞரும் நாடகக் கலைஞருமாகிய ஹரீந்திரநாத் சட்டோபாத்யாய் அறிமுகமானார். கமலாதேவி அவரை மணந்துகொண்டார். கைம்பெண்ணின் மறுமணம் என்பதாலும், வேறு சமூகத்தில் செய்துகொண்ட மணம் என்பதாலும் எதிர்ப்பு எழுந்தது. கமலாதேவி அதனைப் பொருட்படுத்தவில்லை. இருவரும் நாடகக் கலையில் ஈடுபட்டனர். அவர்களுக்கு ஒரு மகன் பிறந்தார். பிற்காலத்தில் கருத்து வேறுபாட்டால் இருவரும் பிரிந்தனர். அதன்பின் கமலாதேவி தம் பணிகளைத் தனித்து நின்றே தொடர்ந்தார்.

அக்காலத்தில் நல்ல குடும்பத்துப் பெண்கள் மேடையேறி நடிப்பது இழிவு என்று எண்ணப்பட்டது. கலையில் இழிவு இல்லை என்பது கமலாதேவியின் கருத்து. மேடையில் நடித்ததோடு, மிருச்சகடிகம் என்னும் வடமொழி நாடகத்தைத் தழுவி 1931இல் வெளிவந்த மௌனப் படத்திலும் அவர் நடித்தார்.

வாக்குக் கேட்ட பெண்

இந்தியாவில் பெண்களுக்கு வாக்குரிமை வழங்கிய முதல் மாகாணம் சென்னை மாகாணமே. 1921இல் அவ்வுரிமை கிடைத்தது. ஆயினும் சொத்து உடையவர்களே வாக்களிக்க முடியும் என்ற விதி இருந்தது. பெண்களுக்கோ சொத்துரிமை இல்லை. எனவே மிகச் சில பெண்களே வாக்களிக்கும் தகுதி பெற்றனர்.

1926இல் பெண்கள் தேர்தலில் போட்டியிடவும் அனுமதி கிடைத்தது. அயர்லாந்து நாட்டிலிருந்து வந்து இந்தியப் பெண்களுக்காக உழைத்த மார்கரெட் கசின்ஸ் அம்மையார், கமலாதேவியைத் தேர்தலில் நிற்குமாறு ஊக்கினார். அப்போது கமலாதேவிக்கு வயது 23. தேர்தலுக்குச் சில நாள்களே இருந்தன. வாக்குக் கேட்கத் தோழியர் சிலர் மட்டுமே துணை நின்றனர். இந்தியாவில் சட்டமன்றத் தேர்தலில் போட்டியிட்ட முதல் பெண்களுள் ஒருவராக அவர் களம் இறங்கினார்.

மிகச் சிறிய வாக்கு வேறுபாட்டில் அவர் தோல்வியுற்றார். ஆனால் அத்தோல்வி வீணாகவில்லை. ஒரு பெண் வாக்குக் கேட்டு வீதியில் நடக்கலாம் என்பதை மக்கள் கண்டனர். அதனை அடுத்துத் தமிழகத்தின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்டமன்றத்திற்கு நியமிக்கப்பட்டு, அதன் துணைத் தலைவராகவும் ஆனார்.

1927இல் அனைத்திந்தியப் பெண்கள் மாநாடு தொடங்கப்பட்டது. அதன் அமைப்புச் செயலாளராகக் கமலாதேவி பொறுப்பேற்றார். நாடெங்கும் பயணம் செய்து, பெண்கள் கல்வி பெறவும் குழந்தைத் திருமணம் ஒழியவும் பரப்புரை செய்தார். 1929இல் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் நிறைவேறியது. பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்று குறைந்த அளவு மணவயதை அச்சட்டம் வரையறுத்தது. கமலாதேவிக்கு மணம் முடித்த அதே வயதுதான் அன்று சட்டம் வகுத்த எல்லை. இன்று அவ்வயது பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என உயர்ந்துள்ளது.

உப்பும் உரிமையும்

கடல்நீர் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு கலந்திருக்கிறது. அந்நீரைப் பாத்திகளில் தேக்கினால், கதிரவன் வெப்பம் நீரை ஆவியாக்கிவிடும், உப்பு படியும். நீரை அடுப்பிலேற்றிக் காய்ச்சினாலும் உப்புக் கிடைக்கும். கடலோர மக்கள் தொன்றுதொட்டு அறிந்த எளிய தொழில் இது. தமிழகத்தின் நெய்தல் நிலத்து மக்கள் உப்பு விளைவித்ததையும், உமணர் அதனை வண்டிகளில் ஏற்றி உள்நாடு சென்றதையும் சங்க இலக்கியம் காட்டுகிறது.

ஆங்கில அரசோ உப்புத் தொழிலைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டது. 1882ஆம் ஆண்டின் உப்புச் சட்டப்படி, அரசின் அனுமதியின்றி உப்பு எடுப்பது குற்றம். வாங்கும் உப்புக்கு வரியும் செலுத்த வேண்டும். செல்வருக்கும் உப்பு வேண்டும். ஏழைக்கும் உப்பு வேண்டும். ஆதலால் அவ்வரியின் சுமை ஏழையையே மிகுதியாக அழுத்தியது. கடலோரத்தில் குடிசை கட்டி வாழ்பவர், தம் வாசலில் படியும் உப்பை அள்ளினாலும் சிறை செல்ல நேர்ந்தது.

1930ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள், காந்தியடிகள் சபர்மதி ஆசிரமத்திலிருந்து தண்டிக் கடற்கரையை நோக்கிப் புறப்பட்டார். ஏறத்தாழ 385 கிலோமீட்டர் தொலைவை 24 நாள்களில் நடந்து கடந்தார். அவரோடு புறப்பட்ட தொண்டர்களுள் ஒரு பெண்ணும் இல்லை. நூல் நூற்பதிலும், கள்ளுக்கடை மறியலிலும், அயல்நாட்டுத் துணி மறுப்பிலும் பெண்கள் ஈடுபடலாம் என்று காந்தியடிகள் கருதியிருந்தார்.

இதனைக் கமலாதேவியால் ஏற்க இயலவில்லை. வீட்டில் உப்பைக் கையாள்பவர்கள் பெண்களே. உப்பு வரியின் சுமையை அன்றாடம் உணர்பவர்களும் அவர்களே. அவ்வாறிருக்க, உப்புக்கான அறப்போரில் மட்டும் அவர்கள் ஏன் ஒதுங்கி நிற்க வேண்டும்? நடைப்பயணத்தின் இடையிலேயே அவர் காந்தியடிகளைச் சந்தித்தார். பெண்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று வாதிட்டார். காந்தியடிகள் அவர் கூறியதன் நியாயத்தை ஏற்றார். உலகம் போற்றும் தலைவரிடம் மதிப்போடும் அதே வேளையில் அச்சமின்றியும் மாற்றுக் கருத்தை எடுத்துரைத்த கமலாதேவிக்கு அப்போது வயது 27 கூட நிறையவில்லை.

ஏப்ரல் 6ஆம் நாள் காந்தியடிகள் தண்டியில் உப்பை அள்ளினார். மும்பையில் உப்புச் சட்டத்தை மீறத் தேர்ந்தெடுக்கப்பட்ட எழுவர் குழுவில் கமலாதேவி இடம்பெற்றார். அக்குழுவில் இருந்த மற்றொரு பெண் அவந்திகாபாய் கோகலே. கடற்கரையில் அடுப்பு மூட்டிக் கடல்நீரைக் காய்ச்சி அவர்கள் உப்பு எடுத்தனர். ஆயிரக்கணக்கான மக்கள் திரண்டனர். குடங்களைச் சுமந்து பெண்கள் கடலை நோக்கி நடந்தனர். காவலர் அடுப்புகளைக் கலைத்தபோதும் அவர்கள் கலையவில்லை.

காய்ச்சிய உப்பைச் சிறு பொட்டலங்களாகக் கட்டிக் கமலாதேவி வீதிகளில் விற்றார். செல்வர்கள் கூடும் பங்குச் சந்தைக்குள்ளும் சென்று விற்றார். உயர் நீதிமன்றத்திற்கும் சென்று, அங்கிருந்த நீதிபதியிடமே, இந்த விடுதலை உப்பை வாங்கிக்கொள்ள விருப்பமா என்று கேட்டார். சட்டத்தைக் காப்பவரிடமே, சட்டத்தை மீறிக் காய்ச்சிய உப்பை விற்க முன்வந்த அத்துணிவு மக்களை வியப்பில் ஆழ்த்தியது. அரசு அவரைக் கைது செய்து சிறையில் அடைத்தது.

அதே ஏப்ரல் திங்களில் தமிழகத்திலும் இராஜாஜி தலைமையில் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரண்யத்திற்கு உப்பு நடைப்பயணம் நிகழ்ந்தது. வேதாரண்ய உப்பு அறப்போரில் ருக்மிணி லட்சுமிபதி அம்மையார் சிறை சென்றார். மேற்குக் கடலிலும் கிழக்குக் கடலிலும் ஒரே உப்புக்காகப் பெண்கள் குரல் கொடுத்தனர்.

தொடர்வண்டியில் ஓர் இருக்கை

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கமலாதேவி அயல்நாடுகளில் பயணம் செய்தார். இந்திய விடுதலையின் தேவையைப் பல நாட்டு மக்களிடம் எடுத்துரைத்தார். 1941இல் அமெரிக்காவின் தென்பகுதியில் உள்ள லூசியானா மாநிலத்தில் தொடர்வண்டியில் சென்றுகொண்டிருந்தார். அங்கு வெள்ளையருக்குத் தனிப் பெட்டி, கறுப்பின மக்களுக்குத் தனிப் பெட்டி என்ற கொடிய வழக்கம் நடைமுறையில் இருந்தது. வெள்ளையர் பெட்டியில் அமர்ந்திருந்த கமலாதேவியைப் பயணச்சீட்டுப் பரிசோதகர் எழுந்து செல்லுமாறு கூறினார். அவர் மறுத்தார். அவர் இந்தியாவிலிருந்து வந்தவர் என்று அறிந்ததும் பரிசோதகர் தயங்கினார். வேற்று நாட்டவர் என்று சொல்லித் தாம் மட்டும் தப்பிக்கக் கமலாதேவி விரும்பவில்லை. தாமும் நிறத்தால் ஒதுக்கப்படும் மக்களுள் ஒருவரே என்று உறுதியாகக் கூறி, இருக்கையை விட்டு எழ மறுத்துவிட்டார். பரிசோதகர் அகன்றார்.

தமக்குக் கிடைத்த சலுகையை ஏற்றுக்கொண்டு அமைதியாக இருந்திருந்தால், அப்பயணம் எளிதாக முடிந்திருக்கும். உரிமை எல்லாருக்கும் கிடைக்க வேண்டும். ஒருவருக்கு மட்டும் கிடைத்தால் அது உரிமை அன்று, சலுகையே. மங்களூருவில் உதவித்தொகையை மறுத்த தாயின் மகள், அமெரிக்காவில் சலுகையை மறுத்தார்.

அகதிகள் எழுப்பிய நகரம்

1947இல் நாடு விடுதலை பெற்றது. அதனோடு பிரிவினைத் துயரும் வந்தது. இலட்சக்கணக்கானோர் வீடும் நிலமும் இழந்து இந்தியாவிற்கு வந்தனர். கமலாதேவி ஆட்சிப் பதவி எதனையும் நாடவில்லை. அகதிகள் முகாம்களுக்குச் சென்றார்.

1948இல் இந்தியக் கூட்டுறவுச் சங்கம் என்னும் அமைப்பை உருவாக்கினார். பிறர் அளிக்கும் உணவை எதிர்பார்த்துக் கூடாரத்தில் காத்திருப்பதைவிட, தாமே உழைத்துத் தம் வாழ்வை மீண்டும் அமைத்துக்கொள்வதே அகதிகளுக்குப் பெருமை தரும் என்று அவர் நம்பினார். வடமேற்கு எல்லைப்புறத்திலிருந்து வந்த ஏறத்தாழ 50,000 மக்களுக்காக, தில்லிக்கு அருகே பரீதாபாத்தில் புதிய நகரம் எழுந்தது. அங்குக் குடியேற இருந்தவர்களே செங்கல் சுமந்தனர், சுவர் எழுப்பினர், சாலை அமைத்தனர். கட்டடத் தொழில் அறியாதவர்களும் அதனைக் கற்றுக்கொண்டனர். இன்று பரீதாபாத் ஹரியானா மாநிலத்தின் பெரிய தொழில் நகரமாக விளங்குகிறது.

ஊர் விட்டு ஊர் வந்தவர்க்கு முதலில் வேண்டுவது இரக்கம் அன்று. உழைப்பதற்கு ஓர் இடமும், மதிப்போடு வாழ்வதற்கு ஒரு வழியும் ஆகும். இதனைக் கமலாதேவி நன்கு உணர்ந்திருந்தார்.

கைவினைக்கு மறுவாழ்வு

அகதிகளிடையே பணியாற்றியபோது அவர்களுள் பலர் சிறந்த கைவினைஞர்கள் என்பதை அவர் கண்டார். நெசவு, பூத்தையல், மரவேலை, மண்பாண்டம் எனப் பல தொழில்களை அவர்கள் அறிந்திருந்தனர். ஆனால் அப்பொருள்களை வாங்குவார் இல்லை. ஆலைத் துணியும் தொழிற்சாலைப் பொருளும் சந்தையை நிறைத்துவிட்டன. நாடு முழுவதும் கைவினைஞர் நிலை இவ்வாறே இருந்தது.

1952இல் அனைத்திந்தியக் கைவினை வாரியம் அமைக்கப்பட்டது. அதன் தலைவராகக் கமலாதேவி பொறுப்பேற்றார். சிற்றூர்கள்தோறும் சென்று முதிய கைவினைஞர்களைத் தேடிக் கண்டார். கைத்தொழில் அறிவு ஏட்டில் எழுதி வைக்கப்படுவதில்லை. தந்தையின் கையைப் பார்த்து மகனும், தாயின் கையைப் பார்த்து மகளும் கற்றுக்கொள்வது அது. பிள்ளைகள் பிழைப்புக்காக வேறு வேலை தேடிச் சென்றுவிட்டால், பல நூற்றாண்டு அறிவு ஒரே தலைமுறையில் மறைந்துவிடும். இந்த இழப்பைத் தடுப்பதையே அவர் தம் கடமையாகக் கொண்டார்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். பெங்களூருவிலிருந்து மைசூரு செல்லும் வழியில் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் சென்னபட்டணம் உள்ளது. அங்கு வெட்பாலை மரத்தில் பொம்மைகள் செய்கின்றனர். மரத்துண்டைக் கடைசல் இயந்திரத்தில் பொருத்திச் சுழற்றி உளியால் உருவம் கடைவர். பின்னர் வண்ணம் சேர்த்த அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தின்மீது அழுத்துவர். உராய்வால் தோன்றும் வெப்பத்தில் அரக்கு உருகி மரத்தின்மீது படியும். இறுதியாகத் தாழை மடலால் தேய்த்து மெருகூட்டுவர். எவ்வளவு அழுத்த வேண்டும், எப்போது கையை எடுக்க வேண்டும் என்பதை எந்நூலும் கற்பிக்க முடியாது. அதனைக் கைவினைஞரின் கையே அறியும். பத்தமடைக் கோரைப்பாய்க்கும், சுவாமிமலை உலோகச் சிற்பத்திற்கும் இது பொருந்தும். பிரேசர் டவுனுக்கு அருகிலுள்ள பாட்டரி டவுனில் பானையும் அகல்விளக்கும் வனையும் குயவரின் விரல்களுக்கும் இது பொருந்தும்.

கைவினைஞர்களுக்காக விற்பனை நிலையங்களும், பெங்களூரு உள்ளிட்ட நகரங்களில் வடிவமைப்பு மையங்களும் அமைய அவர் காரணமாக இருந்தார். துணியில் எழுதுகோலால் ஓவியம் தீட்டும் காளத்தி நகரத்துக் கலம்காரிக் கலை அழியும் நிலையில் இருந்தபோது, அதனைக் கற்பிக்கப் பயிற்சிப் பள்ளி தொடங்கச் செய்தார். தலைசிறந்த கைவினைஞர்களுக்குத் தேசிய விருதுகள் வழங்கப்பட்டன. அதுவரை பெயரறியாத தொழிலாளியாக இருந்தவர் மேடையேறிக் கலைஞராக மதிக்கப்பட்டார். 1964இல் இந்தியக் கைவினை மன்றம் உருவாகவும் அவர் வழிவகுத்தார். அம்மன்றம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு இன்றும் இயங்கி வருகிறது.

நாடகமும் நடனமும் அவருடைய அக்கறைக்கு உரியனவாகவே தொடர்ந்தன. 1959இல் தில்லியில் தேசிய நாடகப் பள்ளி தோன்றியதில் அவருக்குப் பங்குண்டு. 1964இல் பெங்களூருவில் கதக் நடனத்திற்கும் நடன அமைப்புக்குமான பயிற்சி நிறுவனம் ஒன்று தொடங்கவும் அவர் துணை நின்றார்.

புகழும் நிறைவும்

கமலாதேவிக்கு 1955இல் பத்மபூஷண் விருதும், 1966இல் ராமன் மகசேசே விருதும், 1987இல் பத்மவிபூஷண் விருதும் வழங்கப்பட்டன. 1986இல் தம் வாழ்க்கை நினைவுகளை நூலாக வெளியிட்டார். 1988ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள், தாம் உப்புக் காய்ச்சிய அதே மும்பையில் தம் 85ஆம் வயதில் மறைந்தார். பெண் நெசவாளர்களுக்கும் பெண் கைவினைஞர்களுக்கும் நடுவண் அரசு வழங்கும் தேசிய விருது ஒன்று இன்று அவர் பெயரைத் தாங்கியுள்ளது.

வீடு யாருக்கு உரியது என்ற கேள்வி அவருடைய ஏழாம் வயதில் எழுந்தது. வாக்கு யாருக்கு உரியது, உப்பு யாருக்கு உரியது, இருக்கை யாருக்கு உரியது என்று அது வளர்ந்துகொண்டே சென்றது. கையில் உள்ள தொழில், அதனைச் செய்பவரின் பெருமைக்கு உரியது என்ற விடையோடு அவருடைய பணி நிறைவுற்றது.

கைத்தொழிலைப் போலவே மொழியும் ஒரு தலைமுறையின் வாயிலிருந்து அடுத்த தலைமுறையின் செவிக்குச் செல்வது. கேட்பவர் இல்லாவிட்டால் அதுவும் மெல்ல மறையும். சொந்த ஊரிலிருந்து தொலைவில் வாழும் பிள்ளைகள் தாத்தா பாட்டியிடம் கேட்டு அறியும் ஒவ்வொரு சொல்லும், ஒவ்வொரு கைப்பழக்கமும் அவர்களுக்கே உரிய உடைமை. அதனைப் பேணிக் காப்பது கமலாதேவியை நினைவுகூரும் நல்ல வழிகளுள் ஒன்றாகும்.

சொல்லும் பொருளும்

கழிமுகம் – ஆறு கடலோடு கலக்கும் இடம்
உயில் – இறப்பிற்குப் பின் சொத்து யாரைச் சேர வேண்டும் என எழுதி வைக்கும் ஆவணம்
கைம்பெண் – கணவனை இழந்த பெண்
உமணர் – உப்பு வணிகர்
அறப்போர் – வன்முறையின்றி உண்மை வழியில் நடத்தும் போராட்டம்
வனைதல் – மண்ணால் பாண்டம் செய்தல்
கடைதல் – மரத்தைச் சுழற்றி உளியால் உருவமைத்தல்
பேணுதல் – பாதுகாத்தல்

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. மங்களூருவில் பிறந்த கமலாதேவிக்குச் சென்னை மாகாணத் தலைநகராக இருந்தது எவ்வாறு?
2. கிரிஜாபாய் மாத உதவித்தொகையை ஏற்க மறுத்தது ஏன்?
3. உப்பு வரி ஏழைகளை மிகுதியாகப் பாதித்தது ஏன்?

ஆ. ஒரு பத்தி அளவில் விடை எழுதுக.
1. உப்பு அறப்போரில் பெண்களும் பங்கேற்க வேண்டும் என்று கமலாதேவி வாதிட்டதற்கான காரணங்களை உங்கள் சொற்களில் எழுதுக.
2. உரிமை, சலுகை ஆகிய இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டைத் தொடர்வண்டி நிகழ்ச்சியைக் கொண்டு விளக்குக.

இ. பிரித்து எழுதுக.
கடலோரம், கைவினைஞர், சொத்துரிமை, எளிதாகும்

ஈ. செயல்திட்டம்
உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம், அவர்கள் சொந்த ஊரில் முன்பு செய்யப்பட்ட ஒரு கைத்தொழிலைப் பற்றிக் கேட்டறிக. அத்தொழிலில் வழங்கும் ஐந்து தமிழ்ச் சொற்களைப் பொருளோடு எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.